மதகில் மாட்டிய வளையம்: மடவை எப்போது உள்ளே வருகிறது?

ஜிபிஎஸ் தண்ணீருக்குள் வேலை செய்யாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், செயற்கைக்கோளிலிருந்து வரும் ரேடியோ அலை ஓரிரு சென்டிமீட்டர் இறங்குவதற்குள் அடங்கிப்போகும். மீன் எங்கே போகிறது, எப்போது போகிறது என்று பார்க்க வேறு வழிதான் தேட வேண்டும். பெரிய மீனாக இருந்தால், குறித்த நாளில் தானே கழன்று மேலே மிதந்து செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் டேக் (அடையாளக் கருவி) கட்டலாம். அதைவிடச் சிறிய மீனென்றால் வயிற்றுக்குள் ஒலி டேக் வைக்கலாம். அது பெரும்பாலும் 69 கிலோஹெர்ட்ஸில், நம் காதுக்கு எட்டாத ஒலியில், தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே போகும். நீரடியில் கட்டிவைத்த ரிசீவர் சில நூறு மீட்டர் தள்ளியிருந்தும் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். மதகு வழியே வரும் மடவை மீனைக் கவனிக்க நான் கைவைத்தது மூன்றாவது வகை. பேட்டரியே இல்லாத கண்ணாடிக் குப்பி சிப். கால்நடை மருத்துவர் வீட்டு நாய்க்குக் கழுத்துத் தோலடியில் போடும் சிப்பும் இதே குடும்பம்தான். மீன் ஆராய்ச்சியில் இதைப் பிட் டேக் என்கிறார்கள்.

பிட் டேக் தானாக எதையும் சொல்லாது. 134.2 கிலோஹெர்ட்ஸில் காந்தப்புலம் வீசும் ஒரு கம்பி வளையத்துக்குள் வந்தால், அந்தப் புலத்திலிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். வளையத்தை ஓட்டி அந்த எண்ணைப் படிக்கும் கருவிதான் ரீடர். பேட்டரி இல்லாததால் மீன் உயிரோடிருக்கும் வரை அந்த எண்ணும் இருக்கும். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1987 முதல் சால்மன் குஞ்சுகளுக்கு இதைப் போட்டு, எந்த அணையை எத்தனை மீன் உயிரோடு தாண்டுகிறது என்று எண்ணி வருகிறார்கள். அணையில் தண்ணீரை எப்போது, எவ்வளவு திறந்துவிடுவது என்ற பேச்சில் அந்தக் கணக்குக்கும் இடமிருக்கிறது.

நமக்கு அணை இல்லை, மதகு இருக்கிறது. கேளம்பாக்கம் பக்கம் பழைய உப்பளம் ஒன்றை மீன் குளமாக மாற்றியிருக்கிறார் ஒருவர். முட்டுக்காடு உப்பங்கழியிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வரும். இடையில் ஒரு பலகை மதகு. நீர் ஏறும்போது பலகையை எடுத்தால் கழியில் திரியும் மடவை உள்ளே மேய வரும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் சினை மடவைக்குக் கடலுக்குப் போக வேண்டும், முட்டை இடுவது அங்கேதான். அந்த நேரத்தில் பலகை மூடியிருந்தால் மீன் குளத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பலகையை எப்போது எடுப்பது, எப்போது போடுவது என்பது வேலையாளின் வசதியைப் பொறுத்தே நடந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு மேல்.

என் அக்கா மகள் மீன்வளத்தில் முதுகலை படிக்கிறாள். அவளுடைய ஆய்வே இந்த மதகுதான். “மாமா, வெளிநாட்டு ரீடர் வாங்க எங்க புராஜெக்ட் பணம் பத்தாது. நீங்க செஞ்சு தர முடியுமா?” என்றாள். யூபிஎஸ், இன்வெர்ட்டர் ரிப்பேர் என் தொழில். காயில் சுற்றுவது கை பழகிய வேலை. சரி என்றேன்.

வளையம்

ரீடர் போர்டு மட்டும் வெளியில் வாங்கினோம். பண்ணை வாசலில் கால்நடைகளை அடையாளம் காண்பதற்கான வகை. கைக்கடக்கமான போர்டுகளைவிடப் புலத்தை வலுவாக வீசும். அது கேட்பது 300 மைக்ரோஹென்றி காயில். மதகு வாய்க்கு ஏற்ற அளவு 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். கணக்குப் போட்டால் 14 சுற்று வந்தது.

134 கிலோஹெர்ட்ஸில் சாதாரண ஒற்றைக் கம்பி சரிவராது. இந்த வேகத்தில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் மட்டுமே ஓடும். தனித்தனியாக இனாமல் பூசிய மெல்லிய இழைகளை முறுக்கிய லிட்ஸ் ஒயர் வேண்டும். புதிதாக வாங்கினால் விலை. ஆனால் பழைய இண்டக்ஷன் ஸ்டவ்வைக் கழற்றினால் அடியில் இருக்கும் காயில் லிட்ஸ் ஒயர்தான். காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். செம்பா என்று சுரண்டிப் பார்த்து வாங்க வேண்டும். அலுமினியம் என்றால் ஈயம் பிடிக்காது.

14 சுற்றையும் ஒரே கம்பியாகப் பிவிசி பைப்புக்குள் சுற்றி நுழைப்பது நடக்காத காரியம். அதனால் கம்பியை 2 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான 14 துண்டுகளாக வெட்டி, ஒரே கட்டாகக் கட்டி, ஓர் இஞ்ச் பைப்புச் சட்டத்தின் வழியே ஒருமுறை இழுத்தேன். இரண்டு முனைகளும் மேலே உள்ள பெட்டியில் வந்து சேரும். முதல் துண்டின் கடைசி முனை இரண்டாவதின் முதல் முனைக்கு, இரண்டாவதின் கடைசி மூன்றாவதின் முதலுக்கு, இப்படியே கடைசிவரை. ஒவ்வொரு முனையிலும் எண் எழுதிய டேப் ஒட்டி, மல்டிமீட்டரில் பீப் வருகிறதா என்று பார்த்த பிறகே ஈயம் வைக்க வேண்டும். ஒரு துண்டு தலைகீழாக இணைந்தால் அந்தச் சுற்று மற்றவற்றுக்கு எதிராக வேலை செய்யும்.

ஈயம் வைப்பதில்தான் நேரம் போனது. ஒவ்வொரு இழையின் இனாமலும் உரிய வேண்டும். அயர்ன் நுனியில் ஈயத்தைக் குளமாகத் தேக்கி, அதற்குள் முனையை அமிழ்த்திப் பிடித்தால் இனாமல் புகைந்து உரியும். வெளியே எடுக்கும்போது முனை முழுக்க வெள்ளி நிறமாக இருக்க வேண்டும். நடுவில் செம்பு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலும் உள்ளே சில இழைகள் ஒட்டவில்லை என்று அர்த்தம். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, ஃபேன் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள்.

300 மைக்ரோஹென்றி காயில் 134.2 கிலோஹெர்ட்ஸில் ஒத்திசைய, அதாவது அந்த அலைவரிசையில் மட்டும் வலுவாக வேலை செய்ய, அதோடு சேர வேண்டிய கெப்பாசிட்டர் 4.7 நானோஃபாரட். மதிப்பு சின்னதுதான், ஆனால் ஒத்திசைவில் இருக்கும்போது 12 வோல்ட்டில் ஓட்டினாலும் கெப்பாசிட்டர் முனையில் சில நூறு வோல்ட் நிற்கும். மலிவான செராமிக் போட்டால் சூட்டில் மதிப்பு நகரும், வெடிக்கவும் செய்யும். பழைய டியூப் டிவியின் லைன் பகுதியில் 1600 வோல்ட், 2000 வோல்ட் பாலிபுரொப்பிலீன் கெப்பாசிட்டர்கள் இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் புதிதாகவே கிடைக்கும். இதைச் செய்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பெட்டி திறந்திருக்கும்போது கரண்ட் போடாதீர்கள். ஈரக் கையோடு உப்புத் தண்ணீரில் நிற்கிற வேலை இது.

உப்பு

மொட்டை மாடியில் வளையம் அழகாக வேலை செய்தது. 23 மி.மீ. டேக்கைக் குச்சி நுனியில் ஒட்டிக் காட்டினால் இருபுறமும் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்திலேயே படித்தது. பிறகு 500 லிட்டர் ஃபைபர் தொட்டியில் 10 கிலோ கல்லுப்பைக் கரைத்தோம். இறால் பண்ணைக்காரர்கள் பேச்சில் 20 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 20 பங்கு உப்பு. வளையத்தை உள்ளே இறக்கியதும் ஒத்திசைவு நகர்ந்துவிட்டது. கெப்பாசிட்டருடன் சின்னச் சின்னதாகச் சேர்த்தும் எடுத்தும் மறுபடி 134.2க்குக் கொண்டுவந்த பிறகும் படிக்கும் தூரம் ஒரு சாண் அளவுக்கு வந்து நின்றது.

இதில் குறை ஒன்றும் இல்லை, இயற்பியல் அப்படி. முழுக் கடல்நீரில் இந்த அலைவரிசைப் புலம் ஏறக்குறைய 60 செ.மீ. தாண்டுவதற்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பைப்புக்குள் தண்ணீர் புகாமல் காற்றே இருக்கும்படி அடைத்தால் நிலைமை எவ்வளவோ மேல். அதனால் சால்வென்ட், கேபிள் கிளாண்டு, எல்போ இணைப்பு எதிலும் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. ஆனால் வளையத்தைப் பெரிதாக்கி, கரண்ட்டை ஏற்றி உப்பை ஜெயிக்கலாம் என்று நினைப்பது வீண். மீன் கட்டாயம் நுழைந்தே தீர வேண்டிய இடுக்கைத் தேடி அங்கே மாட்டுவதுதான் வழி. மதகைவிட நல்ல இடுக்கு எங்கே கிடைக்கும்?

டேக் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதும் முக்கியம். வளையத்தின் ஊடே அம்பு போல நேராகப் போனால் நன்றாகப் படிக்கும். வளையத்தின் தளத்துக்கு இணையாகத் திரும்பினால் நடு மையத்தில் இருந்தாலும் படிக்காது. நொச்சிக்குப்பத்தில் வாங்கிய ஒரு மடவையின் வயிற்றில் டேக்கை வைத்துத் தைத்து, நூல் கட்டித் தொட்டிக்குள் இழுத்துப் பார்த்தோம். டேக் உடலின் நீளவாக்கில் இருந்தால், மீன் நேராக நீந்தும் வரை கவலையில்லை. இரண்டு டேக் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பேசி, எதுவும் பதிவாகாது. கூட்டமாகத் திரியும் மடவைக்கு இது ஒரு உண்மையான வரம்பு.

மதகில்

அங்கே போனதும் வேறு பிரச்சினை. மதகின் தூண்கள் கான்கிரீட், உள்ளே கம்பி. வளையத்தைத் தூணோடு ஒட்டி வைத்ததும் ஒத்திசைவு மறுபடி ஓடியது. பனங்கட்டையில் சட்டம் செய்து, தூணிலிருந்து ஒரு முழம் வாய்க்கால் பக்கமாக நகர்த்தினோம். சட்டத்துக்கும் கரைக்கும் இடையே உள்ள இடைவெளியை நைலான் வலையால் அடைத்தோம்; இரும்பு வலை கூடாது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோவளத்துப் பெரியவர் ஒருவர், ஆயுசு முழுக்கக் கழியில் வலை வீசியவர், பைப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இதுமேல கொட்டலசு ஏறிடும். மாசா மாசம் தூக்கிச் சொரண்டலேன்னா பைப்பே தெரியாது.” கொட்டலசு என்பது உப்புத் தண்ணீரில் எதன்மேலும் ஒட்டி வளரும் ஓட்டுயிர். அப்படியே நடந்தது. இன்னொன்றும் சொன்னார். அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாளில், ராத்திரி ஏத்தத்தில்தான், அதாவது கடல்நீர் ஏறும் நேரத்தில்தான், மடவை உள்ளே நுழையும் என்று. அதை அன்றே நோட்டில் எழுதி வைத்தோம். இப்படி ஒரு கருவியை எங்கே வைப்பதென்று முடிவெடுக்கும் முன் இவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மீனுக்கு டேக் போட்டது அக்கா மகளும் அவளுடைய ஆசிரியரும். கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கிய பிறகே அது நடந்தது. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீன் மெல்லச் சாய்ந்து, செவுள் அசைவு நிதானமானதும் எடுத்து, வயிற்றின் ஓரத்தில் சின்னக் கீறல் போட்டு டேக்கை உள்ளே தள்ளி, காற்றுக் குழாய் விட்ட நல்ல தண்ணீரில் தெளியவிட வேண்டும். டேக்கின் எடை மீனின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. 23 மி.மீ. டேக் ஏறக்குறைய 0.6 கிராம், 30 கிராமுக்குக் கீழான மீனை அதனால் தொடவே இல்லை.

ஒரு விஷயத்தில் நானும் அவளும் ரொம்ப நேரம் பேசினோம். இது கண்ணாடிக் குப்பி. மடவை சாப்பிடுகிற மீன். வயிற்றறைக்குள் வைத்தால் மீனைச் சுத்தம் செய்யும்போது குடலோடு சேர்ந்து போய்விடும் என்றாலும், தெரியாமல் யார் தட்டிலும் வந்துவிடக் கூடாது. டேக் போட்ட மீனுக்கெல்லாம் அடிவயிற்றுத் துடுப்பின் நுனியைக் கத்தரித்து அடையாளம் வைத்தோம். பண்ணையில் அறுவடை செய்யும்போது ஒவ்வொரு கூடையும் கை ரீடரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று உரிமையாளரிடம் பேசி முடித்தோம். கழியில் வலை போடுகிறவர்களுக்கும் துடுப்பைக் காட்டி விளக்கிச் சொன்னோம்.

பகலில் ஏன் மீன் இல்லை

பதிவுகள் வரத் தொடங்கின. பதிவு செய்ய ஈஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டு, நேரத்துக்கு ஒரு கடிகாரச் சிப், மெமரி கார்டு. கூடவே நீர்மட்டம், வெப்பநிலை சென்சார். அட்டவணையைத் திறந்தால் கிட்டத்தட்ட எல்லாம் ராத்திரி. பெரியவர் சொன்னது அப்படியே பொருந்துகிறதே என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் எண் வரவில்லை என்றால் இரண்டு அர்த்தம் இருக்கலாம்: மீன் வரவில்லை, அல்லது வளையத்துக்குக் கேட்கவில்லை. இதைப் பிரித்துப் பார்க்க ஆரம்பத்திலேயே ஒரு காவல் டேக் வைத்திருந்தோம். வளையத்தின் ஓரத்தில் ஒரு டேக். அதைச் சுற்றி மெல்லிய கம்பியில் ஒரு சின்னக் காயில். அந்தக் காயிலின் இரு முனையையும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) ஷார்ட் செய்து வைத்திருக்கும் வரை டேக்குக்குப் புலம் எட்டாது, வாய் திறக்காது. மணிக்கு ஒருமுறை ரிலே சில விநாடி விடும். அப்போது அதன் எண் பதிவாக வேண்டும். பதிவானால் வளையம் விழித்திருக்கிறது.

காவல் டேக்கின் பதிவுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால், காலை பத்திலிருந்து மாலை நாலு வரை ஓட்டை ஓட்டையாக இருந்தது. வெயில் ஏற ஏற மோசம். மேகம் போட்ட நாளில் சரியாக இருந்தது. அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது: சோலார் சார்ஜ் கன்ட்ரோலர். பேனலிலிருந்து வரும் கரண்ட்டை வேகமாக வெட்டி வெட்டித்தான் அது பேட்டரிக்குத் தரும். அந்த வெட்டலின் சத்தம் 134 கிலோஹெர்ட்ஸ் வரை சிதறும். ஆஸிலோஸ்கோப்பில் ரீடரின் உள்ளீட்டைப் பார்த்தால் நண்பகலில் புல்தரை மாதிரி ஒரே இரைச்சல். பக்கத்துக் குளத்தில் தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் பேடில் வீல் ஏரேட்டர் ஓடும்போது இன்னும் கொஞ்சம் கூடும்.

வடிகட்டி போட்டு அடக்கிப் பார்க்கலாம்தான். அதைவிட நிச்சயமான வழியாக இரண்டு பேட்டரி வைத்தோம். ஒன்று சார்ஜ் ஆகும்போது மற்றது ரீடரை ஓட்டும். இரண்டுக்கும் இடையே இரு கம்பியையும் சேர்த்து வெட்டும் ரிலே. நெகட்டிவ் கம்பி பொதுவாக இருந்தால் அதன் வழியே சத்தம் வந்துவிடும். பேனலையும் கன்ட்ரோலரையும் குளத்தின் மறுகரைக்குக் கொண்டுபோனோம். அதன் பிறகு காவல் டேக் நாள் முழுக்க ஒழுங்காகப் பதிவானது.

அப்புறமும் மடவை பெரும்பாலும் ராத்திரி ஏத்தத்தில்தான் வந்தது. பெரியவர் சொன்னது சரிதான். ஆனால் இப்போதுதான் அதை அழுத்திச் சொல்ல எங்களுக்கு உரிமை வந்தது. விடியற்காலையிலும் ஒரு சிறு கூட்டம் வருவது, இரைச்சல் போன பின்தான் தெரிந்தது.

வேறொரு நாள் ஒரே எண் விடாமல் பதிவாகிக்கொண்டே இருந்தது. மீன் அங்கேயே குடியிருக்கிறதா? கை ரீடரால் துழாவிப் பார்த்தால் வளையத்தடிச் சேற்றில் டேக் மட்டும் கிடந்தது. சில மீன்கள் டேக்கை உடலை விட்டு வெளியே தள்ளிவிடும். செத்தாலும் இப்படிக் கிடக்கும். பறவை தின்றால் எச்சத்தோடு வேறெங்கோ போய் விழும். கொலம்பியா ஆற்று முகத்தில் பறவைகள் கூடு கட்டும் தீவுகளில் ரீடரோடு நடந்து, அங்கே கிடக்கும் டேக்குகளை எண்ணி, எத்தனை சால்மன் குஞ்சு பறவைக்கு இரையானது என்றே கணக்கிடுகிறார்கள். எங்கள் வாய்க்கால் கரையில் நீர்க்காகம் உட்காரும் பட்ட மரத்தடியிலும் கை ரீடரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அக்கா மகள் குறித்து வைத்திருக்கிறாள்.

பதிவுகளைப் பார்த்தபின் உரிமையாளர் பலகை எடுக்கும் நேரத்தை மாற்றினார். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ராத்திரி ஏத்தத்துக்குப் பலகை திறந்திருக்கும். அதற்கு வேலையாளுக்குத் தனிச் சம்பளம். மழைக்காலத்தில் சினை மீன் வெளியேற மேல்பலகையை எடுத்தே வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு குளம், ஒரு மதகு அளவில் இது நடந்தது.

பழவேற்காடு, எண்ணூர், அடையாறு முகத்துவாரங்களுக்கு இந்த வளையம் போதாது. அங்கே வாய் அகலம், அலை மணலைக் கொண்டுவந்து அடைக்கும், ஒரு மழையில் எல்லாம் இடம் மாறும். அங்கே வேண்டியது ஒலி டேக்கும் ரிசீவர் வரிசையும். விலை கூடுதல்தான், ஆனால் செய்ய வேண்டிய வேலை. ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டித் திறந்த பிறகு மீன்வளம் மீண்டது. நம் பக்கம் தூர்வாரும் ஒவ்வொரு முறையும் எந்த மாதம் வாய் திறந்திருந்தால் எந்த மீனுக்குப் பயன் என்று சொல்ல ஒரு பதிவு கையில் இருக்க வேண்டும். கழியை நம்பி வாழ்கிறவர்கள் சொல்வதையும் அந்தப் பதிவையும் ஒரே மேசையில் வைத்துப் பேசலாம்.

எங்களுக்கு அடுத்த வேலை இரண்டாவது வளையம். ஒரே வளையம் மீன் தாண்டியதைச் சொல்லும்; உள்ளே போனதா வெளியே வந்ததா என்று சொல்லாது. 3 மீட்டர் தள்ளி இன்னொன்று இருந்தால் எது முதலில் படித்தது என்பதை வைத்துத் திசை தெரியும். தவறவிடுவதையும் கணக்கிடலாம்: உள் வளையம் படித்த 20 மீனில் 15ஐத்தான் வெளி வளையம் படித்திருந்தால், வெளி வளையத்தின் திறன் 75 சதவீதம். இரண்டும் ஒரே நேரத்தில் புலம் வீசினால் ஒன்றையொன்று கெடுக்கும். ரீடர்கள் முறை வைத்து மாறி மாறி வேலை செய்ய, இரண்டையும் இணைத்து ஒரு கம்பி இழுக்க வேண்டும். பைப் வெட்டியாயிற்று, இண்டக்ஷன் காயிலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இறக்கிவிட்டால் சினை மடவை வெளியேறுவதைப் பார்க்கலாம். மழையில் கழித் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராக மாறும். அப்போது இரண்டு வளையத்தையும் மறுபடி டியூன் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் கெப்பாசிட்டர் பெட்டிக்கு வெளியிலிருந்தே திருப்பும் சுவிட்சு வைக்கிறேன்.